வெடிக்காத தோட்டா

என்னைப் பார்த்து எவனாவது சிரித்தால் எனக்கு ஆகாது. என் சுபாவம் அப்படி. "ஒங்களுக்கு மூக்கு நுனியில கோவம். தும்மினாலே வெளிய வந்துரும்" என்பாள் என் மனைவி சுப்புலட்சுமி. அவள் சிரித்தாலும் எனக்கு ஆகாது. இப்பேர்ப்பட்டவனைப் பார்த்து நெய்வேலி டவுன்ஷிப் முழுக்க சிரித்தது. பேருந்தில் சிரித்தார்கள், கேன்டீனில் சிரித்தார்கள், பால் பூத்தில் நின்ற ஆள்கூட சிரித்தான். அதைக்கூட ஒரு வழியாக விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது வேறு ஒன்று.

நான் சுரங்கத்தில் பிளாஸ்டிங் செக்ஷன். பழுப்பு நிலக்கரிக்கு மேலே மண். அந்த மண்ணுக்கு நடுவே கெட்டிப் பாறை. அதை அப்படியே தோண்டினால் ராட்சச மிஷினின் பல்லே உடைந்துபோகும். ஆகவே மதியத்தில் துளை போட்டு, மருந்து வைத்து, வெடித்துத் தளர்த்த வேண்டும். சங்கு ஊதும். சிவப்புக் கொடி ஏறும். என் ஆட்கள் மணல் மேட்டுக்குப் பின்னால் ஓடி வருவார்கள். நான் "படு!" என்பேன். அத்தனை பேரும் குப்புற விழுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எக்ஸ்ப்ளோடர் பெட்டியின் கைப்பிடியைத் திருப்புவேன். சரியாக மூன்றில் வெடிக்கும். வெடிக்காவிட்டால்தான் வம்பு. நின்றுபோன மருந்து எந்த நிமிஷம் கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது மறுபடியும் "படு!" என்று கத்த வேண்டும். நான் "எழு" என்று சொல்லும்வரை எவனும் தலையைத் தூக்கக் கூடாது. பக்கத்தில் பாம்பு வந்தாலும் கிடக்க வேண்டும். என் ஆட்களை நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எனக்கு ஒரு கோளாறு வந்தது. இந்தச் சிரிப்புக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கம் என் மச்சான் கிணறு வெட்டினான். லீவில் போன நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய வெடிக்காரன் வந்திருக்கிறேன் என்று எல்லாரும் சுற்றி நிற்கவும், பெருமை தாங்காமல் நானே வேட்டு வைத்தேன். திரி அணைந்துவிட்டது என்று நினைத்து வடத்தைப் பிடித்துக்கொண்டு பாதிக் கிணறு இறங்கினேன். வெடித்தது. முதுகில் நாலு தழும்போடு தப்பித்தேன். உடம்பு தப்பியது, ஆனால் கை கெட்டுவிட்டது. அதிலிருந்து சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே என் கை துள்ளும், கழுத்து உள்ளே போகும், கண் மூடிக்கொள்ளும். தினம் வெடிக்கிறவனுக்கு வெடி என்றால் பயம்! இதை யாரிடம் போய்ச் சொல்வது? சமையல்காரனுக்கு நெருப்பு பயம் என்றால் கேட்கிறவன் வாயால் சிரிப்பானா?

டெல்லியில் ஆசியாட் முடிந்த மறு வருஷம் டவுன்ஷிப் ரைபிள் கிளப்பில் பிஸ்டல் பிரிவு ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதியவர்களுக்குப் பயிற்சி என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தது. நான் உடனே போய்ப் பெயர் கொடுத்தேன். விளையாட்டு ஆசை என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. சின்னச் சத்தம் பழகினால் பெரிய சத்தமும் பழகிவிடாதா?

சொல்லிக் கொடுத்தது ருக்குமணி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவள். அதட்டலாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். முதல் நாள் பிஸ்டலை எங்கள் கையில் கொடுக்கவே இல்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கச் சொன்னாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. அது தானா ஒன்னும் பண்ணாது. எடுத்தா குழல் மூக்கு எப்பவும் எதிர்ல இருக்கற மண்ணு மேட்டப் பாத்திருக்கணும். சுடப் போற நேரம் வரைக்கும் விரல் விசைக்கு வெளிய இருக்கணும். இன்னிக்கு இவ்வளவுதான் பாடம்" என்றாள்.

எங்களோடு நல்லசாமி என்று ஒருவர். அக்கவுண்ட்ஸில் கிளார்க். பிஸ்டலைப் பார்த்தே அவருக்கு நெற்றியில் வியர்வை. இரண்டாவது வாரம் கையில் எடுத்ததும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"மூடிக்குங்க சார், பரவால்ல. மொதல்ல கை பழகட்டும். கண்ண அப்பறம் தொறக்கலாம்" என்றாள்.

குறி வட்டம் போட்ட அட்டையைக்கூட அவள் முதலில் வைக்கவில்லை. வெறும் வெள்ளைத்தாள். எங்கே பட்டாலும் சரி. "மார்க் போட ஆரம்பிச்சா மனுசனுக்குக் கை நடுங்கும். மொதல்ல ஒங்களுக்கும் அதுக்கும் சிநேகம் ஆகட்டும்" என்பாள். கைகொடுக்கிற மாதிரி பிடிக்கணும், எதிரே இருக்கிற தாளைப் பார்க்காமல் குழல் நுனியில் இருக்கிற குறிமுள்ளைப் பார்க்கணும், கை சலித்தால் சுடாமல் கீழே இறக்கிவிடணும். இறக்கினால் தோல்வி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். நல்லசாமி ஒரு மாசத்தில் கண்ணைத் திறந்துவிட்டார்.

முதலில் எங்களுக்குக் கொடுத்தது ஏர் பிஸ்டல். அதில் நான்தான் ராஜா. அதில் வெடிச்சத்தம் கிடையாது. காற்றுதான், 'புஸ்' என்று போகும். கடப்பாரை தூக்கிய கை, ஆடாது. தாளின் நடுவே ஒரே ஓட்டையாக அடித்தேன். விடுவேனா? கேன்டீனில் போய் அளந்தேன். என் செக்ஷனில் கலியன் என்று ஒருவன், பக்கத்து ஊர்க்காரன், கான்ட்ராக்டில் வந்து பர்மனென்ட் ஆனவன். நான் என்ன சொன்னாலும் முதலில் செய்பவன் அவன். "எங்க சாரு சுட்டா ஈ மூக்குல படும்" என்று அவன் மிஷின்காரர்களிடம் சவால் விட்டுக்கொண்டு திரிந்தான். தனகோட்டி என்கிற இன்னொருவன், "அப்ப போட்டிக்கு நாங்கெல்லாம் வந்து விசில் அடிக்கறோம் சார்" என்றான். அடுத்த மாசம் எங்கள் ஊரிலேயே போட்டி. சேலம், திருச்சி, சென்னையிலிருந்தெல்லாம் கம்பெனி டீம்கள் வருவதாக இருந்தது. "எல்லாரும் வரணும்டா. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வரணும்" என்று நானே உத்தரவு போட்டேன்.

அதற்கப்புறம்தான் டீச்சர் பாயிண்ட் டூ-டூ பிஸ்டலை எடுத்தாள். அதில் நிஜத் தோட்டா. கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற அளவுதான் சத்தம். நல்லசாமி முதல் குண்டுக்குத் துள்ளினார், பிறகு குழந்தை மாதிரி சிரித்தார். நான் சுட்டேன். தாளுக்குப் பத்தடி முன்னால் மண் தெறித்தது. இரண்டாவதும் மண்ணில். மூன்றாவதும் மண்ணில்.

"புது பிஸ்டல். கனம் சரியில்ல" என்றேன்.

டீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு ஒரு வேலை செய்தாள். தோட்டாவை அவளே போட்டு எங்கள் கையில் கொடுத்தாள். சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை சுட்டு முடித்த வெறும் கூடு. எது என்று நமக்குத் தெரியாது. நல்லசாமி அழுத்தினார். 'டிக்' என்றது. கை அப்படியே நின்றது. டீச்சர் கைதட்டினாள். என் முறை வந்தது. மனசுக்குள் எண்ணினேன். மூன்றில் அழுத்தினேன். 'டிக்'. என் கை பொத்தென்று கீழே போனது. முழங்கால் மடங்கியது. 'படு' என்ற சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன். நின்ற எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் தீயாய்ச் சுட்டது.

"ஷூ வழுக்கிருச்சு" என்றேன்.

டீச்சர் என்னைத் தனியே முந்திரி மரத்துப் பக்கம் கூட்டிப்போனாள். "சார், நீங்க எண்றீங்க. ஒதடு அசையுது."

"எண்ணாம எப்பிடிம்மா?"

"எப்ப வெடிக்கும்னு ஒங்களுக்கே தெரியக் கூடாது. விரல் கொஞ்சங் கொஞ்சமா அழுத்திக்கிட்டே இருக்கணும். அது வர்றப்ப வரட்டும்."

"நல்லாருக்கே! எங்க வேலையில அப்படி நெனச்சா மறுநாள் சங்குதான்."

"இது ஒங்க வேலை இல்லையே சார்" என்றாள் மெதுவாக. "இப்படி எத்தனையோ பேருக்கு வரும். இதுல வெக்கப்பட ஒன்னுமே இல்ல. நீங்க ஏர் பிஸ்டல்ல மட்டும் நில்லுங்க. இது ஆறு மாசம் போகட்டும்."

வெக்கம் என்ற வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்கென்னம்மா வெக்கம்? தினம் பாறையப் பொளக்கறவன் நான். ரெண்டுலயும் பேரப் போடுங்க" என்று கத்தினேன். "சரி சார். ஒன்னே ஒன்னு. தோட்டா வெடிக்கலன்னா பிஸ்டல அப்படியே மேட்டப் பாத்து வெச்சுக்கிட்டு எடது கையத் தூக்குங்க. அது போதும், நாங்க வந்துருவோம்" என்றாள்.

போட்டி வரைக்கும் தினமும் வீட்டில் தண்ணீர்ச் சொம்பை ஒற்றைக் கையில் நீட்டிக்கொண்டு நின்றேன். "தாகத்துக்குக் குடுக்கறதா இருந்தா இப்படிக் குடுங்க. செவத்துக்கு ஏன் குடுக்கறீங்க?" என்றாள் சுப்புலட்சுமி. நான் எண்ணாமல் இருக்கப் பழகினேன். அதாவது, எண்ணவில்லை என்று நினைத்துக்கொள்ளப் பழகினேன்.

போட்டியன்று மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். அதிகாரிகள், அவர்கள் குடும்பம், வெளியூர் டீம்கள். என் செக்ஷன் ஆட்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். தீபாவளிச் சட்டை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. கலியன் வெள்ளைவெளேர் என்று வேட்டி சட்டையில் வந்திருந்தான். கூடவே அவன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தான். வயசானவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "எங்க சாரு, நைனா" என்று கலியன் என்னைக் காட்டினான். அவர் கும்பிடவில்லை, சிரித்துத் தலையாட்டினார். அவர்கள் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கப் போனார்கள். நான் விடவில்லை. கயிறு கட்டியிருந்தவனிடம் சண்டை போட்டு, நாற்காலிகளுக்கு முன்னால், முதல் வரிசை அதிகாரிகளின் காலடிக்கு நாலடி தள்ளி, அவர்களை நிற்க வைத்தேன்.

"முன்னாடி நில்லுங்கடா. ஒங்களுக்கு என்ன கொறச்சல்?" என்றேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

காலையில் ஏர் பிஸ்டலில் மூன்றாவதாக வந்தேன். தனகோட்டி விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் பந்தலே திரும்பிப் பார்த்தது. மதியம் பாயிண்ட் டூ-டூ. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் சில குண்டுகளுக்கு டீச்சர் சொன்னபடி விரலை மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தேன். எப்போது வெடித்தது என்றே தெரியவில்லை. குண்டு தாளில் பட்டது! பின்னால் கைதட்டல். நெஞ்சு விம்மிவிட்டது. அப்பாடா, நாம் தேறிவிட்டோம் என்று தோன்றியது. இன்னும் நன்றாக அடிக்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்த உடனே உதடு எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

'டிக்'.

வெடிக்கவில்லை. தோட்டா கோளாறு. இடது கையைத் தூக்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மூன்றில் வெடிக்காத வெடி ஒன்றுதான் என் உடம்புக்குத் தெரியும்.

"படு!" என்று கத்திவிட்டுக் குப்புற விழுந்தேன்.

பிஸ்டல் மேஜையில் விழுந்து, நல்லவேளை, மேட்டைப் பார்த்தபடியே கிடந்தது. டீச்சர் ஓடிவந்து அதை எடுத்தது தெரிந்தது. வாயெல்லாம் மண். தலையைத் திருப்பிப் பார்த்தேன். அய்யோ! என் செக்ஷன் மொத்தமும் விழுந்து கிடந்தது. தீபாவளிச் சட்டையோடு, வெள்ளை வேட்டியோடு, அந்தச் செம்மண்ணில், நாற்காலிகளுக்கு முன்னால், முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தார்கள். கலியனின் அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

பந்தலில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். வெளியூர் டீம்காரன் ஒருவன், "அடேங்கப்பா, இந்த ஊர்ல ஆபீசர் கால்ல இப்படித்தான் வுழுவாங்களா?" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் ஒருவர், பளபளக்கும் ஷூ காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சிரித்தார்.

எவனும் எழவில்லை. ஏன் எழவில்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் "எழு" என்று சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. என் வாய் திறக்கவில்லை. திறந்தால் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். பயந்து விழுந்தவன் இவன்தான் என்று தெரிந்துபோகும். மண்ணோடு மண்ணாகக் கிடந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மூடினாலும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

கலியனின் அப்பா குனிந்து அவன் தோளைத் தொட்டார். "எயிந்திருடா" என்றார்.

"சாரு சொல்லல நைனா" என்றான் கலியன், மண்ணிலிருந்தே.

அவர் கையை எடுத்துக்கொண்டார். நாற்காலிகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போய்விட்டார்.

ருக்குமணி டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சார், தோட்டாதான் கெட்டது. ஒங்க தப்பில்ல. நான் நடுவர்கிட்ட பேசறேன்" என்றாள். நான் அசையவில்லை. அவள் திரும்பி அவர்களைப் பார்த்தாள். குரல் மாறியது. "சார், அவங்கள எழுந்திருக்கச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க."

"எழு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். அவர்கள் எழுந்தார்கள். மண்ணைத் தட்டினார்கள். எண்ணெய்த் தலையில் ஒட்டிய செம்மண் தட்டினால் போகுமா? ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் நடுவரிடமும் போகவில்லை, யாரிடமும் போகவில்லை. மைதானத்தின் பின்பக்கமாக நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. அப்படியே எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போட்டி பார்க்க வந்திருந்த சுப்புலட்சுமி பின்னாலேயே வந்து சேர்ந்தாள். ஏதாவது கேலி பேசுவாள், நான் பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்து, "குளிங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கேலி பேசாதது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் லீவு போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. போடாததற்குத் தைரியம் காரணமில்லை. லீவு போட்டால் அதற்கும் சிரிப்பார்கள். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறியதும் பின்சீட்டில் சிரிப்பு கிளம்பியது. வழியில் சைக்கிளில் போன இரண்டு பேர் எங்கள் ஆட்களைப் பார்த்து, "படு!" என்று கத்திவிட்டு மிதித்துக்கொண்டு போனார்கள். ஜன்னலோரம் இருந்த கலியன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

காலையெல்லாம் வேலை நடந்தது. துளை போட்டார்கள், மருந்து இறக்கினார்கள், ஒயர் இழுத்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நான் "படு" என்றால் இவர்கள் விழுவார்களா? ஒரு நொடி யோசித்தால் போதும். யோசிக்கிறவன் தலைதான் முதலில் போகும். ஒருவனாவது நேற்றைய நினைப்பில், அட போய்யா என்று நின்றுவிட்டால்?

சங்கு ஊதியது. கொடி ஏறியது. எல்லாரும் மேட்டுக்குப் பின்னால் வந்தார்கள். நான் கைப்பிடியில் கையை வைத்தேன். "படு!"

விழுந்தார்கள். தனகோட்டி விழுந்தான், அவன் பக்கத்தில் இருந்தவன் விழுந்தான். கலியன் நின்றான்.

"கலியா, படு."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க நைனா நேத்து ராத்திரி சோறு துன்னல சார்" என்றான். "அவுரு பண்ணையில இருந்தவுரு. பண்ணக்காரரு வந்தா தரையில வுழுந்து எயிந்திரிக்கணும். என்னைய பர்மனென்ட் பண்ண அன்னிக்கு அவுரு ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. இனிமே நம்ப வூட்டுல எவனும் நாற்காலி முன்னாடி வுழக் கூடாதுன்னாரு. நேத்து அவுருக்கு முன்னாடியே வுழுந்துகினு கெடந்தேன்."

எத்தனையோ வருஷமாக இவனைத் தினம் மண்ணில் விழ வைக்கிறேன். அவன் அப்பா யார், என்ன செய்தார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நேற்று அவர்களை நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். நான்தான்!

"கல்லு பறக்கும்டா. இப்பப் படு. அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் அசையவில்லை.

கம்பத்தில் இருந்த போன் அடித்தது. ஷிஃப்ட் இன்ஜினியர் பழனிவேல். "என்னய்யா, சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு? மிஷின் நிக்குது. ஏன் வெடிக்கல? ஆள் யாராவது ஒத்துழைக்கலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலியனுக்கு மெமோ வரும். வேலைக்கே ஆபத்து. என் ஆட்கள் படுத்தபடியே என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுதான் நேரம் என்று தோன்றியது. எது நடந்தாலும் நடக்கட்டும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் இவன் மன்னித்துவிடுவான் என்று நினைத்தேன்.

"ஆளுங்க மேல ஒன்னுமில்ல சார். என் மேலதான். எனக்கு வெடிச்சத்தம்னா பயம். ரெண்டு வருசமாப் பயம். யார்கிட்டயும் சொல்லல. நேத்து நடந்ததும் அதனாலதான்" என்றேன்.

"முடிச்சிட்டு வந்து என்னைப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். வேலை போனாலும் போகும். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பெரிய தியாகம் செய்துவிட்டவன் மாதிரி கலியனைப் பார்த்தேன்.

"அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றான் அவன்.

"என்னது?"

"நீங்க பயப்படறது. ரொம்ப நாளாத் தெரியும். கைப்புடி ஆடற சத்தம் கேக்குமே. எங்க ஒருத்தனுக்கும் அதுல ஒன்னும் இல்ல. பயம் யாருக்கு இல்ல? வேணும்னா இன்னும் பத்து வாட்டி வுழுவோம். அத நான் கேக்கல." அவன் குரல் முதன்முறையாக உடைந்தது. "அவ்ளோ பேரு சிரிச்சிகினு இருந்தாங்களே சார். எயிந்திருன்னு சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. மற்றவர்களுக்குப் பக்கத்தில் போய், கையை ஊன்றி, மெதுவாகக் குப்புறப் படுத்தான். சங்கு ஊதி வெகு நேரமாகியிருந்தது. நான் கைப்பிடியைத் திருப்பினேன்.